பெயர் ஒன்று, ஆள் வேறு: கேமரன் மலையின் ரஸ்ஸல்களும் இராமசாமிகளும்



பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று திரும்பும் நம் மாணவர்களின் கட்டுரைகளில் மூன்று பெயர்கள் தவறாமல் இடம்பெறுவதுண்டு. மலைக்குப் பெயர் கொடுத்த கேமரன், 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்த ரஸ்ஸல், மலைக்கு ஓய்வெடுக்க வந்து காணாமற்போன ஜிம் தாம்சன் என்னும் மூவரே அவர்கள். இப்பெயர்களைக் கணினியில் தேடச் சொன்னால் ஒவ்வொரு பெயருக்கும் நாலைந்து பேர் வந்து நிற்கின்றனர். ஒருவர் பதிப்புத்துறையினர், ஒருவர் வணிகர், ஒருவர் அரசியலாளர். மாணவனோ முதலில் அகப்பட்டவரின் படத்தை வெட்டி ஒட்டிவிடுகின்றான். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன் நம் மலையைக் கண்டுபிடித்தவராக ஆகிவிடுவது இப்படித்தான்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை விலக்கப் புகுந்தால், நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாறும் உடன் வருகின்றது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

கேமரனை முதலில் முடித்துவிடலாம். 1885-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியை ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர். அவருக்கு இருபது ஆண்டுகள் முன்னரே, ஜான் கேமரன் என்பவர் சிங்கப்பூரில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழை நடத்திக்கொண்டிருந்தார். மலாயா பற்றி 1865-இல் ஒரு நூலும் வெளியிட்டார். அதற்கும் முன்னர், சார்ல்ஸ் ஹே கேமரன் என்பவர் இலங்கையின் நீதித்துறையை ஆராய வந்தவர். 1833-ஆம் ஆண்டின் கோல்புரூக்-கேமரன் சீர்திருத்தங்களில் வரும் கேமரன் இவரே. இவருடைய மனைவியார் ஜூலியா மார்கரெட் கேமரன் உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர். 1870-களில் இலங்கையில் வாழ்ந்தபோது அங்கிருந்த உழைக்கும் மக்களையும் அவர் படமெடுத்தார். அப்படங்களில் உள்ள முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் மட்டும் தெரியாது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிம் தாம்சன் கதை இன்னும் வேடிக்கையானது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று, தானா ராத்தாவை அடுத்த ஒரு பங்களாவிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. பெரிய தேடுதல் நடந்தும் பயனில்லை. அதே பெயரில் ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருந்தார், குற்றப் புதினங்கள் எழுதியவர், 1977-இல் மறைந்தார். அதே 1977-இல் இன்னொரு ஜிம் தாம்சன் இல்லினாய் மாநில ஆளுநராகப் பதவியேற்று 1991 வரை இருந்தார். எழுத்து, வணிகம், அரசியல் மூன்றும் ஒரே பெயரில் அமைந்துவிட்டன. மர்மக் கதைப் பிரியர்களுக்கு இது போதும். நமக்கு வேண்டியது ரஸ்ஸல்.

ரஸ்ஸல் என்னும் குடும்பப்பெயர் பழைய பிரெஞ்சு மொழியில் செந்நிற முடியுடையவன் என்னும் பொருளில் பிறந்தது. நம் ஊரில் 'செவத்தான்', 'வெள்ளையன்' என்று பெயர் வைப்பது போன்றதுதான். எனவே பிரிட்டனில் எத்தனையோ குடும்பங்களுக்கு இப்பெயர் உண்டு. பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே உறவு என்று கொண்டுவிடக் கூடாது. இந்த எச்சரிக்கையுடன் மூன்று ரஸ்ஸல்களைப் பார்ப்போம். மூவருக்கும் 'ஜான்' என்பதே முதற்பெயர் என்பது குழப்பத்தை இன்னும் மிகுதியாக்குகின்றது.

முதலாமவர் அரசியலாளர், ஜான் ரஸ்ஸல் பிரபு. 1792-இல் பிறந்து 1878-இல் மறைந்தவர். பெட்ஃபோர்ட் கோமகனின் மகன். 1832-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டத்தில் பெரும்பங்கு கொண்டவர். 1846 முதல் 1852 வரையும், மீண்டும் 1865-66-லும் பிரிட்டனின் பிரதமர். நமக்கு முதன்மையானது அவர் 1839 முதல் 1841 வரை குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த காலம்.

அக்காலப் பின்னணியைச் சிறிது விளக்க வேண்டும். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஜான் கிளாட்ஸ்டன் என்னும் பெருவணிகர் (பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை) இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தருவிக்க முனைந்தார். 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் இரு கப்பல்கள் 1838 மே மாதம் பிரிட்டிஷ் கயானா போய்ச் சேர்ந்தன. அங்கே நடந்த கொடுமைகள் வெளியே தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1839-இல் கூலி ஏற்றுமதி இந்தியச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடையை நீக்குமாறு தோட்ட முதலாளிகள் அமைச்சரை நெருக்கினர். 1840 பிப்ரவரியில் ரஸ்ஸல் எழுதிய கடிதத்தில், ஒருபுறம் கொடிய உயிரிழப்புக்கும் மறுபுறம் புதியதோர் அடிமை முறைக்கும் இட்டுச் செல்லக்கூடிய செயலுக்குத் தாம் பொறுப்பேற்க இயலாது என்று மறுத்துவிட்டார். அவர் கையாண்ட அந்தத் தொடரையே ஹியூ டிங்கர் என்னும் வரலாற்றாசிரியர் 1974-இல் தம் நூலுக்குத் தலைப்பாகச் சூட்டினார். கடல் கடந்த இந்தியத் தொழிலாளர் வரலாற்றைப் படிப்போர் எவரும் அந்நூலைத் தாண்டிச் செல்ல முடியாது.

இதனால் ரஸ்ஸல் பிரபுவை நம் மக்களின் காவலர் என்று போற்றத் தொடங்கிவிட வேண்டா. 1842-இலேயே மொரீசியசுக்குக் கப்பல் மீண்டும் விடப்பட்டது; அப்போது அவர் அமைச்சரல்லர் என்பது உண்மை. ஆனால் அவர் பிரதமராயிருந்த 1846-இல் நிறைவேறிய சர்க்கரை வரிச் சட்டம், குடியேற்ற நாடுகளின் சர்க்கரைக்கு இருந்த சலுகையைப் படிப்படியாக நீக்கியது. விலை இறங்க இறங்க, முதலாளிகளுக்கு மலிவான கூலியின் தேவை ஏறியது. அயர்லாந்தில் மக்கள் பஞ்சத்தால் மடிந்தபோது பிரதமராயிருந்தவரும் இவரே. ஒரு கடிதத்தில் தெளிவாகக் கண்ட ஒன்றைப் பிற்காலத்தில் கண்டும் காணாதிருந்தார் என்பது என் கருத்து.

மலாயாவுக்கு இந்தத் தடை பொருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை 1867 வரை இந்திய ஆட்சியின் கீழேயே இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி எல்லைக்கு வெளியே செல்வோருக்கே 1839-ஆம் ஆண்டுச் சட்டம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய தமிழர், சட்டத்தின் கண்ணில் வெளிநாடே செல்லவில்லை! மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிய 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாமவர் அச்சுத்துறை சார்ந்தவர். இவரும் ஜான் ரஸ்ஸல். 1890-இல் குடும்பத்துடன் கோலாலம்பூர் வந்து, சிலாங்கூர் அரசாங்க அச்சகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்காலக் கோலாலம்பூர் ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஒரு சிற்றூர்தான். அரசிதழ்கள், அறிவிப்புகள், படிவங்கள், ஆண்டறிக்கைகள் அனைத்தும் அந்த அச்சகத்திலிருந்தே வந்தன. 1892 முதல் 1897 வரை வெளிவந்த 'சிலாங்கூர் ஜர்னல்' என்னும் இதழும் அங்கேதான் அச்சாயிற்று. இன்றைக்கு அக்கால வரலாற்றை எழுதுவோர் அந்த இதழைப் புரட்டாமல் எழுதுவதில்லை. ஓர் ஊரின் நினைவுகள் எழுத்தாக நிலைபெறுவதற்கு ஓர் அச்சகம் போதுமானதாக இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஓர் அச்சகம் அன்று இல்லை.

மூன்றாமவர் வணிகர். மேற்சொன்ன அச்சகத் தலைவரின் மகன், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். 1882-இல் பிறந்தவர், எட்டு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் கோலாலம்பூர் வந்தார். சீன மொழியைக் கற்றுத் தேர்ந்தார். அன்றைய ஈய வணிகமும் கட்டட வேலையும் பெரிதும் சீனர் கையில் இருந்தமையால் இந்த மொழியறிவு அவருக்குப் பெருமுதலாக அமைந்தது. (மொழி படித்தால் பிழைக்க முடியுமா என்று கேட்கும் பெற்றோர்கள் கவனிக்க.) ஈயம், ரப்பர், கட்டடம் என்று பல தொழில்களில் இறங்கினார். சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தை நடத்திய மலாயன் காலியரீஸ் நிறுவனம் அவர் தொடங்கியதே. அவர் மறைந்த பின், 1937-இல், அச்சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் மலாயாத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி.

1929-இல் அவர் கேமரன் மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ.பி. மில்ன் என்பவர் அவருக்குத் துணைநின்றார். தோட்டத்துக்கு இட்ட பெயர் 'போ'. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலுள்ள வூயி மலைத் தேயிலையை ஆங்கிலேயர் 'போஹியா' என்று அழைத்தனர். அதன் சுருக்கம் அது. ஆங்கிலச் சொற்கள் மூன்றின் முதலெழுத்துகள் என்று வழிகாட்டிகள் சொல்வது பிற்காலக் கற்பனை என்றே தோன்றுகின்றது. உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிய அதே ஆண்டில், மலைக்காட்டை அழித்துத் தோட்டம் போடுவது துணிச்சலான செயல் என்பதை மறுக்க முடியாது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குப் பாதை திறக்கப்பட்டதே 1931-இல்தான். ரஸ்ஸல் 1933-இல் ஐம்பது வயதை ஒட்டி மறைந்தார். பின்னர் அவர் மகன் டிரிஸ்டன் ரஸ்ஸலும், அவருக்குப் பின் பேத்தி கேரோலைன் ரஸ்ஸலும் தொழிலை நடத்திவந்துள்ளனர்.

ஆக, ஒரு ஜான் ரஸ்ஸல் தோட்டக் கூலி முறையை அடிமை முறையாகிவிடும் என்று அஞ்சினார். இன்னொரு ஜான் ரஸ்ஸல் ஆட்சியின் ஆவணங்களை அச்சிட்டார். மூன்றாவது ஜான் ரஸ்ஸல் தமிழர்களின் உழைப்பைக் கொண்டு தேயிலைத் தோட்டம் அமைத்தார். 1929-இல் ஒப்பந்தக் கூலி முறை இல்லை. கங்காணி வழியாகவும் குடியேற்ற நிதியின் துணையாலும் ஆட்கள் வந்தனர் என்பது நேர்மையாகக் குறிக்க வேண்டிய வேறுபாடு. ஒப்பந்தம் போனாலும், துரை, கிராணி, கங்காணி, லயம், விடியற்காலைப் பெரட்டு ஆகியவை போகவில்லை.

நான்காவதாக ஒரு ரஸ்ஸலையும் விட மனமில்லை. மெய்யியலறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், முதலாம் ரஸ்ஸல் பிரபுவின் சொந்தப் பேரன். தாத்தாவின் வீட்டிலேயே வளர்ந்தவர். 1930-களில் இலண்டனில் இயங்கிய இந்தியா லீக்கின் தலைவராயிருந்து நம் விடுதலைக்குக் குரல் கொடுத்தார். 1950-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு பெயரோ தொடரோ உலகில் யாரைச் சுட்டுகின்றது என்பதைப் பற்றி அவர் 1905-இல் எழுதிய கட்டுரை மெய்யியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம். நம் மாணவன் ஒட்டிய படம் பெரும்பாலும் இவருடையதாகவே இருக்கும்!

இனி, தேயிலைச் செடிக்கு மறுபக்கம் நின்றவர்களின் பெயருக்கு வருவோம்.

ஆங்கிலேயத் தோட்டக்காரர்களின் பேச்சிலும் அக்கால ஆங்கில எழுத்துகளிலும் தமிழ்த் தொழிலாளி எவனாயினும் 'இராமசாமி'தான். முத்துவும் இராமசாமி, காத்தானும் இராமசாமி. அது பெயராக இல்லாமல் ஓர் இனத்துக்கு ஒட்டிய முத்திரையாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அதே சொல்லின் வால் மட்டும் நறுக்கப்பட்டு 'சாமி' என்றாயிற்று. 'சாமி' என்பது தலைவனைக் குறிக்கும் சொல் என்பதைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எடுத்துக்காட்டுகின்றார். இழிவாக எண்ணி அழைத்தவர்கள், தம்மையறியாமலே கூலிக்காரனை 'ஐயா' என்று அழைத்துவந்திருக்கின்றனர்.

போ தோட்டம் தொடங்கிய அதே 1929-இன் டிசம்பரில், ஓர் இராமசாமி பினாங்கில் வந்து இறங்கினார். ஈ.வெ. இராமசாமி; நாம் பெரியார் என்று அறிந்தவர். ஈரோட்டு வணிகக் குடும்பத்தில் பிறந்து மண்டித் தொழில் நடத்தியவர். 1925-இல் 'குடி அரசு' இதழைத் தொடங்கிய பத்திரிகையாளர். இயக்கம் கண்ட அரசியலாளர். பதிப்பு, வணிகம், அரசியல் மூன்றையும் ரஸ்ஸல்கள் மூவர் பங்கிட்டுக்கொண்டனர் என்றால், இங்கே ஒரே இராமசாமி மூன்றையும் சுமந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்திருந்தது. 'நாயக்கர்' என்பதை அவரும் விட்டுவிட்டே இங்கு வந்தார். ஈப்போ, சிங்கப்பூர் முதலிய ஊர்களில் அவர் பேசிய பேச்சு இளைஞர்களிடையே வேர்விட்டது. அவர்களுள் ஒருவரான கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார்.

தமிழ்ப் பொதுவாழ்வில் வேறு இராமசாமிகளும் உண்டு. 'ஜஸ்டிஸ்' ஏட்டின் ஆசிரியராயிருந்து, 1946-இல் ஐக்கிய நாட்டு அவையின் பொருளாதார சமூகக் குழுவுக்கு முதல் தலைவரான ஆற்காடு இராமசாமி முதலியார். திருவிதாங்கூரின் திவான் சி.பி. இராமசாமி ஐயர்; விடுதலையின்போது சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்; 1970-இல் 'துக்ளக்' தொடங்கிய சோ இராமசாமி; தொழிலதிபர் எம்.ஏ.எம். இராமசாமி செட்டியார். நம் நாட்டில், 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராயிருந்த பி. இராமசாமி, அதற்கு முன்னர் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதிய பேராசிரியர். துரைமார் எள்ளலாக வழங்கிய அதே பெயரைத் தாங்கிய ஒருவர், துரைமாரின் தோட்டங்களை ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்.

இத்தனை இராமசாமிகளையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஏன்? ஊர் பெயர், தந்தை பெயர், தலைப்பெழுத்து ஆகியவை ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. சங்க காலத்திலேயே இந்த முறை இருந்தது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றால் ஊரும் தொழிலும் உடன் வருகின்றன. மதுரை அளக்கர் ஞாழலார் மகனார் மள்ளனார் என்றால் ஊர், தந்தை, பெயர் மூன்றும் வந்துவிடுகின்றன. அப்படி இருந்தும் சங்கப் பாடல் பாடிய சாத்தனாரும் மணிமேகலை ஆசிரியரும் ஒருவரா இருவரா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். ஔவையாரைப் பற்றியோ கேட்கவே வேண்டா.

தோட்டத்துச் செக்ரோலில் இந்த அடையாளங்கள் உதிர்ந்துவிட்டன. ஊர் போயிற்று, பெயருக்குப் பக்கத்தில் எண் வந்தது. கிராணி தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். ஒரே குடும்பத்தில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும், மகனின் பிறப்புப் பத்திரத்தில் அதே பெயர் வேறு விதமாகவும் பதிவானது நம் தோட்டப்புறங்களில் வழக்கமான செய்தி. விடுதலைக்குப் பின் குடியுரிமை, அடையாள அட்டை என்று வந்தபோது அந்த ஓரெழுத்து மாற்றம் பெரிய தடையாக நின்றது. 'இவர் மகன்தான் நான்' என்று மெய்ப்பிக்கச் சத்தியப் பிரமாணத்தோடு அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. ஒரு பெயரைப் பலர் பகிர்ந்துகொள்வது ரஸ்ஸல்களுக்கு வெறும் தற்செயல். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் எழுத்து அமைந்ததோ நம்மவர்க்குப் பிழைப்பையே தடுத்தது.

சப்பானியர் காலத்தில் நிலைமை இன்னும் கொடியது. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல் உண்டு. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படியில்லை. எத்தனை இராமசாமிகள் அங்கே புதைந்தனர் என்று கல்லைப் பார்த்து எண்ண வழியில்லை.

பள்ளிக்கு வருவோம். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று கூறியது. அச்சட்டத்தின் நிழலில் எழுந்தவையே நம் தோட்டப் பள்ளிகள். கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா போன்ற ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. இன்று தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல கீழே இறங்கிவிட்டன. எனினும் பள்ளிப் பதிவேடுகளில் பழைய பெயர்கள் இருக்கின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், பிறந்த நாள் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். செக்ரோல் உதிர்த்ததைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஓரளவு பொறுக்கி வைத்திருக்கின்றார்.

பல பள்ளிகளில் அந்தப் பழைய பதிவேடுகள் அலமாரியின் அடித்தட்டில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. தலைமையாசிரியர்கள் அனுமதித்தால், நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டே அவற்றைப் படியெடுக்கலாம். தந்தை பெயரைச் சுருக்காமல் முழுமையாக, பதிவேட்டில் உள்ள எழுத்துப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. பெற்றோர்கள் வீட்டிலுள்ள பழைய சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கப்பல் சீட்டு ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் ஒரு நெகிழிப் பையிலிட்டு வைத்திருங்கள். பாட்டனாரின் பெயரையும், தமிழ்நாட்டில் அவர் விட்டு வந்த ஊரின் பெயரையும் தெரிந்தவர் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.